2024 அமெரிக்கக் கால்பந்து சீசனில் உங்களை அதிகம் கவர்ந்தது எது: தொழில்முறை ஆட்டமா, கல்லூரி ஆட்டமா?

கல்லூரி ஆட்டம்தான். என்னை அதிகம் எரிச்சலூட்டியதும் அதேதான்.

பதினொரு ஆண்டுகளாக மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் மேற்குப் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறேன். இங்கே குடிவருகிறவர்களுக்கு வீட்டுச் சாவியோடு இரண்டு அணிகளையும் கையில் கொடுத்துவிடுவார்கள். தொழில்முறையில் டெட்ராய்ட் லயன்ஸ், கல்லூரியில் மிச்சிகன் பல்கலைக்கழகம். 2025 பிப்ரவரி 9 அன்று தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் முடிந்துவிட்டதால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். ஆறிப்போய் யோசிக்க இதுதான் நேரம்.

முதலில் லயன்ஸ். 17 ஆட்டங்களில் 15 வெற்றி. இந்த அணியின் வரலாற்றில் இப்படி ஒரு சீசன் இருந்ததில்லை. கடைசியாகக் கோப்பை வென்றது 1957இல். 2008இல் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி இது. அந்த ஆண்டைப் பற்றி என் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். அதனால் இந்த முறை ஊரே வேறு மாதிரி இருந்தது. பெட்ரோல் நிலையத்தில் சில்லறை கொடுப்பவர்கூட "இந்த ஆண்டு நம்முடையதுதான்" என்றார்.

ஜனவரி 18, சனிக்கிழமை இரவு. வாஷிங்டன் கமாண்டர்ஸுடன் சொந்த மைதானத்தில், தோற்றால் வெளியே என்ற நாக் அவுட் ஆட்டம். பனியைக் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்துத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பாவும் எங்களோடு உட்கார்ந்திருந்தார். இந்த ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு உண்டு: "நான்கு நொடி ஓடுகிறார்கள், நாற்பது நொடி நிற்கிறார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய உடம்பு?" நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இரண்டாம் கால்பகுதியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் கோஃப் எறிந்த பந்தை வாஷிங்டன் ஆள் பிடித்து, அப்படியே எங்கள் எல்லைக்கோடுவரை ஓடி டச் டவுனும் அடித்தார். அப்பா என் பக்கம் திரும்பி, "அவருக்கு நம் சட்டை என்ன நிறம் என்று தெரியாதா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மொத்தம் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்து, 45-31 என்று தோற்றோம். அந்த ஐந்தில் இரண்டைப் பறித்தவர் மைக் செய்ன்ரிஸ்டில். யார் என்கிறீர்களா? 2023 சீசனில் தேசியக் கோப்பை வென்ற மிச்சிகன் அணியின் தலைவர்களில் ஒருவர். அப்போது அவர் பெயரைக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்ட வீடு இது. என் பன்னிரண்டு வயது மகன் செப்டம்பரிலிருந்து தன் ஜெர்சியைத் துவைக்க விடாமல் விரதம் காத்துவந்தான். துவைத்தால் ராசி போய்விடுமாம். அன்று இரவு யாரும் சொல்லாமலே அதைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டு வந்து படுத்தான்.

காரணம் கேட்டால், காயங்கள் என்பேன். தடுப்பாட்டத்தின் முதுகெலும்பான எய்டன் ஹச்சின்சன் ஐந்தாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து வெளியேறினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக விழுந்தார்கள். இந்த நிலையில் 17 ஆட்டங்களை 18 ஆக்கலாம் என்று லீக் நிர்வாகம் பேசிவருகிறது. டிக்கெட் விற்கிறவருக்கு அது நல்ல யோசனையாக இருக்கலாம். முட்டியில் பனிக்கட்டி வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டார்களா என்று தெரியவில்லை.

ஆனால் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் நிற்கும் அணிகளுக்குத்தான் கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களில் முதல் தேர்வு. சம்பளத்துக்கும் எல்லா அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. வாஷிங்டன் 2023இல் 17இல் நான்குதான் வென்றது. அதனால் கிடைத்த இரண்டாம் தேர்வில் ஜேடன் டேனியல்ஸை எடுத்தது. அடுத்த ஜனவரியில் அந்த இளைஞர் எங்கள் மைதானத்துக்கே வந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார். கத்திப் பயனில்லை. ஹச்சின்சன் எங்களுக்குக் கிடைத்ததும் அதே வழியில், அதே இரண்டாம் தேர்வில்தான்.

சூப்பர் பவுலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொடர்ந்து மூன்றாவது கோப்பைக்கு வந்த கேன்சஸ் சிட்டியை ஃபிலடெல்ஃபியா 40-22 என்று உருட்டித் தள்ளியது. இடைவேளையிலேயே 24-0. வடை சூடாக இருந்தது.

இனி கல்லூரி. நவம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்துக்குப் போயிருந்தோம். 1,07,601 பேர் கொள்ளும் மைதானம். நாற்காலி கிடையாது; நீளமான அலுமினியப் பலகையில் எண் மட்டும் எழுதியிருப்பார்கள். குளிர்கோட்டு போட்டவர்கள் மூன்று எண்களில் இரண்டு பேர்தான் உட்கார முடியும், மூன்றாமவர் நிற்பார். நின்றவன் நான். 50-6 என்று முடிந்த அந்த ஆட்டத்தில் ஆட்டமாக ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு முன்வரிசையில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, பேண்டு வாத்தியம் தொடங்கும்போதெல்லாம் கைத்தடியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்று முழுப் பாட்டையும் பாடினார். தொழில்முறை மைதானத்தில் இதைப் பார்த்ததில்லை. அங்கே பெரிய திரை சொன்னால்தான் சத்தம் வரும்.

அதற்கு அடுத்த வாரம், நவம்பர் 30. கொலம்பஸ் நகரில், எங்கள் பரம வைரியான ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். அந்த வாரம் அவர்கள் வளாகத்தில் 'எம்' என்ற எழுத்து கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சிவப்பு நாடா ஒட்டி அடித்துவிடுவார்கள். எங்கள் முதல் எழுத்தாம். இந்தச் சீசனில் எங்கள் அணி சுமார்தான், எறியத் தெரிந்த குவார்ட்டர்பேக்கே இல்லை. எல்லோரும் தோல்வி என்றே எழுதிவிட்டார்கள். ஆனால் கடைசி நிமிடத்தில் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அடித்த ஃபீல்டு கோலால் 13-10 என்று வென்றோம். தொடர்ந்து நான்காவது முறை. அவர்களுடைய ஆதரவாளர்களே பயிற்சியாளர் ரயன் டேயைத் துரத்த வேண்டும் என்று கொதித்தார்கள்.

பழைய முறையில் அவர்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் முன்பு நான்கு அணிகளோடு நடந்த பிளே ஆஃப், அதாவது கோப்பைக்கான நாக் அவுட் சுற்று, 2024 சீசன் முதல் பன்னிரண்டு அணிகளாகிவிட்டது. ஓஹையோ ஸ்டேட் அதில் நுழைந்து டென்னஸி, ஓரிகன், டெக்சஸ் என்று வரிசையாகச் சாய்த்து, ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. லயன்ஸ் தோற்று இரண்டே நாளில்! பதினைந்து வென்றவர்கள் ஒரே இரவில் காலி. எங்களிடம் தோற்றவர்கள் தேசியச் சாம்பியன். என் எரிச்சல் அதுதான். இந்த ஒரு ஆட்டத்தில் தோற்றால் ஆண்டே போயிற்று என்ற பயம் இருந்தவரைதான் நவம்பரின் கடைசிச் சனிக்கிழமைக்கு அந்த ருசி இருந்தது. இனி அது இன்னொரு லீக் ஆட்டம்.

புதிய முறையில் ஒன்று மட்டும் பிடித்தது. முதல் சுற்றைக் கல்லூரி வளாகங்களிலேயே வைத்தார்கள். நான்கிலும் சொந்த ஊர் அணிதான் வென்றது. காலிறுதியையும் அப்படியே வைத்திருக்கலாம். முதல் சுற்று ஆடாமல் நேராகக் காலிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் பொது மைதானங்களில் ஆடி, நான்கும் தோற்றன. ஓய்வைப் பரிசு என்று நினைத்துக் கொடுத்தார்கள் போலும்.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஓஹையோ ஸ்டேட்டின் வீரர்களுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் ஆனதாக அவர்கள் தரப்பிலேயே சொன்னார்கள். விலைக்கு வாங்கிய கோப்பை என்று நானும் ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன். பிறகு, 2025 சீசனில் எங்களுக்கு ஆட ஒப்புக்கொண்ட பள்ளி மாணவர் பிரைஸ் அண்டர்வுட்டுக்குப் பேசிய தொகை ஒரு கோடி டாலரைத் தாண்டும் என்ற செய்தியைப் படித்தேன். அதிலிருந்து அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார், கொலம்பஸில் முதுகலை படித்தவர். நவம்பர் 30 மாலை கைபேசியை அணைத்து வைத்தவர், ஜனவரி 20 நள்ளிரவில் கோப்பையின் படத்தை மட்டும் அனுப்பினார், ஒரு சொல் இல்லாமல். நானும் சொல் இல்லாமல் '13-10' என்று பதில் போட்டேன்.

"அது என்ன எண்? உங்கள் ஊர் வெப்பநிலையா?" என்று கேட்டிருக்கிறார்.