பச்சோந்தியின் நிறம் சொல்வது என்ன? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் பச்சோந்தியைச் சிவப்புத் துணியின்மேல் விட்டால் பச்சையாகவே இருக்கிறது; பச்சை இலைகளுக்கு நடுவே இருக்கும்போதோ சில வேளைகளில் கறுத்துவிடுகிறது. இதற்கு ஏதேனும் குறைபாடு இருக்குமா?

பதில்: குறைபாடு எதுவும் இல்லை. பச்சோந்தி தான் நிற்கும் இடத்தின் நிறத்தைப் பார்த்து அவ்வாறே மாறும் என்பது பரவலான நம்பிக்கை மட்டுமே. அமைதியாக இருக்கையில் அதன் இயல்பான பச்சையும் பழுப்புமே இலைகளுக்கிடையே அதை மறைக்கப் போதுமானவை. நிறம் மாறுவது பெரும்பாலும் உடல் வெப்பத்தைச் சீர்செய்யவும், எதிரே நிற்கும் மற்றொரு பச்சோந்திக்குத் தன் நிலையைத் தெரிவிக்கவும்தான். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டு இதன் இயக்கத்தை விளக்கினர். தோலின் மேலடுக்குச் செல்களில் குவானின் என்னும் பொருளாலான, ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்படிகங்கள் உள்ளன. விலங்கு அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்ப, அது தோலின் மஞ்சள் நிறமியோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சியடையும்போது படிகங்களின் இடைவெளி கூடி, பச்சை மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் மாறுகிறது. கறுப்பது வேறு வகைச் செல்களின் வேலை: அவற்றிலுள்ள மெலனின் என்னும் கருநிறமி பரவினால் தோல் இருளும், ஒடுங்கினால் வெளிறும்.

கேள்வி: காலையில் விளக்கைப் போட்டவுடன் ஏறக்குறைய கருப்பாகிவிடுகிறது. கோபமா?

பதில்: குளிர். கருந்தோல் வெப்பத்தை விரைவாக உள்வாங்கும் என்பதால், உடலைத் தட்டையாக்கி ஒரு பக்கத்தை விளக்கை நோக்கித் திருப்பிக்கொண்டு அது வெயில் காய்கிறது. உடல் சூடேறியதும் பச்சை திரும்பிவிடும். நண்பகல் ஆகியும் திரும்பவில்லையெனில், முதலில் வெயில் காயும் கிளையின் வெப்பத்தை அளந்து பாருங்கள். வளர்ந்த ஏமன் வகைப் பச்சோந்திக்கு அவ்விடத்தில் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் தேவை. வெப்பம் சரியாக இருந்தும் கருமை நீடித்தால், அது அச்சமாகவோ நோயாகவோ இருக்கலாம்.

கேள்வி: நான் கூண்டருகே சென்றாலே எங்கள் ஆண் பச்சோந்தி பளிச்சென்று மின்னுகிறது. என்னைக் கண்ட மகிழ்ச்சி என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: உங்களுக்கு வருத்தமளிக்கும் விடையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சோந்தி கூட்டமாக வாழும் விலங்கன்று. ஆணின் பளிச்சிடும் நிறம் பெரும்பாலும் போருக்கான அறைகூவலாகவோ, பெண்ணைக் கவரும் முயற்சியாகவோ இருக்கும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண் ஏமன் பச்சோந்திகள் மோதும்போது உடல் கோடுகள் மிகுதியாக ஒளிர்ந்த ஆண் எதிரியை நெருங்கிச் செல்லும் வாய்ப்பும், தலை மேலும் ஒளிர்ந்து விரைவாக நிறம் மாறிய ஆண் வெல்லும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தன. தோற்கும் ஆணோ கறுத்துப் பணிவைக் காட்டும். ஆகவே நிறத்தை மட்டும் பார்க்காமல் உடலையும் சேர்த்துப் பாருங்கள். பளிச்சென்ற நிறத்தோடு உடலை அகலமாக்கி, தொண்டையை உப்பி, வாயைப் பிளந்து சீறினால் அது உங்களை எதிர்க்கிறது. கறுத்து, கிளையின் மறுபக்கம் நழுவி ஒளிந்தால் அஞ்சுகிறது. நிறம் மாறாமல் கண்களை மட்டும் சுழற்றி உங்களைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தால், அதுவே நீங்கள் எதிர்பார்க்கத்தக்க மிக உயர்ந்த நட்பு. அழகான படம் வேண்டுமென்று முகத்தருகே கண்ணாடியைக் காட்டி அதை மின்னவைக்கும் வழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. தன் உருவத்தை எதிரியாகக் கருதி அது தேவையின்றிப் பதறுகிறது. அடுத்த கூண்டில் வேறொரு பச்சோந்தி கண்ணில் பட்டாலும் இதே நிலைதான். நடுவே தடுப்பு வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஏமன் பெண் பச்சோந்தி கறுத்து, உடலெங்கும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தோன்றியுள்ளன. ஆணோடு சேர்க்கவே இல்லை.

பதில்: முட்டை சுமக்கும் பெண்ணின் நிறம் இது. ஆணோடு சேராவிட்டாலும் கருவுறாத முட்டைகள் உருவாகும். உடல் முழுவதும் இறங்கும் அளவுக்கு ஆழமாக ஈரமணல் நிரப்பிய தொட்டியை உடனே வையுங்கள். அது தோண்டும்போது யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம். தரையில் அலைந்து தோண்டியும் முட்டையிடாமல் சோர்ந்து கிடந்தால், ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்லுங்கள். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வெளிறிப்போனால் பயப்பட வேண்டுமா?

பதில்: எப்போது வெளிறுகிறது என்பதைப் பொறுத்தது. இரவில் உறங்கும்போது வெளிறுவது இயல்பு. திட்டுத்திட்டாக வெண்மை படர்ந்தால் தோல் உரிக்கப் போகிறது. பகலில் விளக்கின்கீழ் வெளிறி, வாயைத் திறந்துகொண்டிருந்தால் வெப்பம் மிகுந்துவிட்டது என்று பொருள். இவை எதுவுமின்றிப் பகலில் கண்களை மூடியே இருந்தால், நிறம் எவ்வளவு நன்றாக இருப்பினும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நிறங்களைக் குறித்து வைக்க நல்ல வழி எது?

பதில்: நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே விளக்கொளியில், சற்றுத் தொலைவிலிருந்து படமெடுத்து, அப்போதைய வெப்பநிலையையும் தீனி உண்டதா என்பதையும் அருகில் எழுதுங்கள். விளக்கு மாறினால் படத்தில் நிறமும் மாறித் தெரியும் என்பதால், வெவ்வேறு ஒளியில் எடுத்த படங்களை ஒப்பிடாதீர்கள்.