இரத்தமா, எலும்பு மஜ்ஜையா: மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடுவோருக்குக் கேள்வி பதில்

கேள்வி: எம்.பி.ஓ. (மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியின்) மரபணு இரத்தத்தைவிட மஜ்ஜையில் பல மடங்கு கூடுதலாக வருகிறது. ஆனால் அந்தப் புரதம் இரத்தத்து நியூட்ரோஃபில்களில் (ஒருவகை வெள்ளை அணுக்களில்) நிரம்பிக் கிடக்கிறதே. எங்கே தவறு செய்தேன்?

பதில்: தவறே இல்லை. அந்த மரபணு முழு வேகத்தில் இயங்குவது மஜ்ஜையில்தான், செல் இன்னும் புரோமைலோசைட்டாக, அதாவது முதிராத இளம் செல்லாக, இருக்கும் பருவத்தில். அப்போதே புரதத்தைச் செய்து துகள்களில் அடைத்துவிடுகிறது. முதிர்ந்து இரத்தத்துக்கு வரும்போது ஆர்.என்.ஏ. பெரும்பாலும் தீர்ந்திருக்கும், புரதம் மட்டும் தங்கியிருக்கும். நியூட்ரோஃபிலின் இன்னொரு நொதியான எலாஸ்டேஸும் அப்படித்தான். ஆக, நீங்கள் கண்டது மரபணு கூடியதை அல்ல, இளம் செல்கள் இருப்பதை. இத்தகைய ஒப்பீட்டில் வரும் நீண்ட பட்டியலில் பெரும்பகுதி இந்த வகைதான். ‘கூடியது’ என்று எழுதும் முன், எந்தச் செல்லை எண்ணுகிறோம் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். கடுமையான தொற்றில் இளம் செல்கள் வெளியே வந்தால் இரத்தத்திலும் எம்.பி.ஓ. ஏறும்.

கேள்வி: செல் கலவையை மென்பொருளால் சரிசெய்யலாமா?

பதில்: ஓரளவு. ஆனால் கலவையைக் கணிக்கும் மென்பொருளான சைபர்சார்ட்டின் எல்எம்22 பட்டியலில் இருப்பவை 22 நோயெதிர்ப்புச் செல் வகைகள். சிவப்பணுவின் இளம் வடிவமான எரித்ரோபிளாஸ்ட் அதில் இல்லை, மஜ்ஜையிலோ அது ஏராளம். முடிந்தால் சிடி14 என்ற மேற்பரப்புக் குறியீடு கொண்ட மோனோசைட் போல ஒரே வகைச் செல்லை இரு பக்கமும் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: இரத்தம் முழுதாக எடுத்தோம், மஜ்ஜையை ஃபைக்காலில் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவத்தில்) பிரித்தோம். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. முழு இரத்தத்தில் சிவப்பணுக்களின் குளோபின் ஆர்.என்.ஏ. பெரும்பங்கை விழுங்கிவிடும், ஃபைக்கால் முதிர்ந்த நியூட்ரோஃபில்களைக் கழித்துவிடும். இரண்டையும் ஒரே முறையில், ஒரே நாளில் செய்யுங்கள்.

கேள்வி: மாதிரிகளை வெளிப்பாட்டு ஒற்றுமையால் குழுவாக்கினால், ஒரு மஜ்ஜை மாதிரி மட்டும் இரத்த மாதிரிகளோடு போய்ச் சேர்கிறது. குழாய் மாறிவிட்டதா?

பதில்: மாறியிருக்கலாம். முதலில் பாலின மரபணுக்களைப் பாருங்கள்: பெண்களில் இயங்கும் எக்ஸிஸ்ட், ஆண்களின் ஒய் குரோமோசோம் மரபணுக்கள். அவை நோயாளியின் பாலினத்தோடு பொருந்தினாலும் குழாய் மாறவில்லை என்று உறுதியாகாது, ஆனால் மஜ்ஜை எடுக்கும்போதே இரத்தம் கலந்திருக்கலாம். மஜ்ஜையை உறிஞ்சும்போது முதல் ஓரிரு மில்லிதான் செறிவாக இருக்கும், அப்புறம் வருவதில் இரத்தம் கூடிக்கொண்டே போகும். முதல் இழுப்பு வேறு பரிசோதனைக்குப் போய், ஆராய்ச்சிக்குக் கடைசி இழுப்பு கிடைப்பது சகஜம். எத்தனையாவது இழுப்பு என்று குழாய் மீதே எழுதச் சொல்லுங்கள். மூலச்செல்களின் குறியீடான சிடி34, ஹீமோகுளோபின் அல்லாத எரித்ராய்டு (சிவப்பணு வரிசை) மரபணுக்கள், செல் பிரிதல் மரபணுவான எம்கேஐ67 எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால் இரத்தத்தால் நீர்த்த மாதிரியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: 12 நோயாளிகள், ஒவ்வொருவரிடமும் இரண்டு மாதிரி. சாதாரண டி சோதனை போதுமா?

பதில்: ஜோடியை உடைக்காதீர்கள். மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடும் மென்பொருளான டிஇசெக்2-இன் கணக்கீட்டில் நோயாளியையும் ஒரு காரணியாகச் சேருங்கள், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு விலகிவிடும்.

கேள்வி: நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவில் (ஒருவகை இரத்தப் புற்றுநோயில்) அதன் அடையாளமான பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) இணைவு மரபணுவைப் பார்க்க ஒவ்வொரு முறையும் மஜ்ஜை வேண்டுமா?

பதில்: வேண்டாம். நோயைக் கண்டறியும்போது மஜ்ஜை பார்ப்பார்கள், குரோமோசோம்களையும் நோயின் கட்டத்தையும் அறிய. அதன்பின் வழக்கமான கண்காணிப்பு இரத்தத்தில்தான், பெரும்பாலும் ஒப்பீட்டு மரபணுவான ஏபிஎல்1-க்கு விகிதமாக.