ஸ்காட்லாந்தின் படைச்சாலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நான் லீட்ஸில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஸ்காட்லாந்துக் கோட்டைகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், 'காரில் போய்ப் பார்ப்பதைவிட பைக்கில் மெதுவாகப் போய்ப் பார்ப்பது மேல்' என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என்னிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் இருக்கிறது. வரும் கோடையில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்காட்லாந்து போகலாம் என்று திட்டம். நண்பர்கள் ஸ்காட்லாந்தின் வடகோடியைச் சுற்றிவரும் 'நார்த் கோஸ்ட் 500' சாலையை மூன்றே நாளில் முடித்துவிட்டு வந்து, எங்களையும் அதையே செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வேகம் ஒத்துவராது. வழியில் கட்டாயம் பார்க்க வேண்டிய கோட்டைகள் எவை என்று சொன்னால் போதும்.

இன்னொன்று. எடின்பரோவிலும் ஸ்டர்லிங்கிலும் கோட்டைகளைப் பார்த்தோம். ராஜா ராணிகளின் பெயர்களைத் தாண்டி ஒன்றும் மனதில் நிற்கவில்லை. 'நமக்குச் சம்பந்தமே இல்லாத சரித்திரத்தை எதற்கு மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்க்க வேண்டும்?' என்கிறார் மனைவி. அவருக்கு என்ன பதில் சொல்வது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கோட்டைப் பட்டியல் தரப்போவதில்லை. அந்த நாட்டில் கோட்டைக்கா பஞ்சம்? ஒன்றை முடித்து அடுத்ததற்கு ஓடினால், ஒரே நாளில் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் காட்டிவிடும் வேன் டூர் மாதிரிதான் ஆகும். வீட்டுக்கு வந்த பிறகு எது எந்த ஊர் என்று ஃபோனில் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பதில் ஒரு சாலையைச் சொல்கிறேன். பெர்த்ஷயரில் பிளேர்கௌரியில் தொடங்கி, மலைகளைக் கடந்து, வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஃபோர்ட் ஜார்ஜில் முடியும் பழைய படைச்சாலை. 200 கிலோமீட்டருக்குள்தான். அவசரக்காரர் ஒரு பகலில் ஓட்டிவிடுவார். நீங்கள் அதற்கு நாலைந்து நாள் ஒதுக்குங்கள். இந்த வழியில் பார்க்க வேண்டிய முதல் சரித்திரச் சின்னம் உங்கள் டயருக்குக் கீழேயே இருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற வேண்டும் என்று வடக்கு மலைநாட்டுக் குலங்களில் பல 1715-இல் கிளர்ந்தெழுந்தன. லண்டன் அரசுக்கு அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது: அந்த மலைகளுக்குள் பீரங்கியோடு ஒரு படை நுழையப் பாதையே கிடையாது. 1724-இல் ஜெனரல் வேட் என்பவரை அனுப்பினார்கள். அவர் சுமார் 400 கிலோமீட்டர் சாலையும் நாற்பது பாலங்களும் போட்டார். 1745-இல் அடுத்த கலகம் வந்தபோது கலகப் படையும் அதே சாலைகளில்தான் ஜோராக இறங்கி வந்தது. சாலைக்கு யார் பக்கம் என்று தெரியுமா என்ன? 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் களத்தில் கலகப் படை தோற்று, ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிறகு வேட்டின் உதவியாளராக இருந்த மேஜர் கால்ஃபீல்டு இன்னும் பெரிய அளவில் சாலை போட்டார். நான் சொல்லும் சாலை 1749-க்கும் 1757-க்கும் இடையில் அவர் மேற்பார்வையில் போட்டது. வேலை செய்தவர்கள் சிப்பாய்கள். கோடையில் மண்வெட்டி, மற்ற நாளில் துப்பாக்கி. அதே காலத்தில் மலைநாட்டு ஆண்கள் தங்கள் கட்டம்போட்ட உடையை அணியவும் சட்டம் தடை போட்டிருந்தது.

இதற்கு பைக் எதற்கு என்று கேட்கலாம். காரில் நீங்கள் காட்சியைப் பார்க்கிறீர்கள், சாலையை அல்ல. பைக்கில் ஒவ்வொரு ஏற்றமும் திருப்பமும் இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் தெரியும். இங்கே ஏன் இப்படி நேராக மேட்டின் மீதே ஏற்றினான், அங்கே ஏன் ஆற்றை ஒட்டியே போனான் என்று யோசிக்கத் தோன்றும். இன்றைய தார்ச்சாலை பெரும்பாலும் பழைய தடத்தின் மேலேயே போகிறது. சில இடங்களில் மட்டும் விலகும். அப்போது பழைய பாதை ஹெதர் புதர்களுக்கு நடுவே பச்சைக் கோடாகத் தனியே மேடேறுவது தெரியும். மெதுவாகப் போகிறவனுக்குத்தான் அது கண்ணில் படும். மழையைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வது முழுக்கச் சரி, நனைவீர்கள்.

பிளேர்கௌரியிலிருந்து ஏ93 சாலை க்ளென்ஷீ பள்ளத்தாக்கில் ஏறி, கெய்ர்ன்வெல் கணவாயைத் தொடும். 670 மீட்டர். பிரிட்டனின் முக்கியச் சாலைகளில் இதுதான் உயரமானது. நம் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் அந்தக் காற்றில் 670 மீட்டரே போதும். கணவாய்க்குத் தெற்கே 'சாத்தானின் முழங்கை' என்று பெயர் வாங்கிய இரட்டை வளைவு இருந்தது. பேருந்துப் பயணிகளை இறக்கி நடக்கவிட்டு, காலி வண்டியை ஏற்றுவார்களாம். 1970-களில் சாலையை நேராக்கிவிட்டார்கள். பழைய வளைவு பக்கத்திலேயே கிடக்கிறது, நிறுத்திப் பாருங்கள்.

அடுத்து பிரெய்மர். 1715 கலகத்துக்குக் கொடி ஏற்றியது இந்த ஊரில். கோட்டை உண்டு, இஷ்டமிருந்தால் பாருங்கள். நான் பார்க்கச் சொல்வது ஊர் தாண்டி டீ ஆற்றின் மேல் இருக்கும் பழைய இன்வர்கால்டு பாலத்தை. 1750-களின் படைப்பாலம். விக்டோரியா ராணி பல்மோரலில் குடியேறிய பிறகு, அரண்மனைப் பக்கமாக ஊர்க்காரர்கள் போய்வருவது பிடிக்காமல், தென்கரைச் சாலையைப் பொதுவழி இல்லாமல் ஆக்கி, 1859-இல் புதுப் பாலம் கட்டி எல்லாரையும் வடகரைக்குத் திருப்பிவிட்டார்கள். சிப்பாய் போட்ட பாதையை ராணி மூடிய கதை. இப்போது நடந்துபோய்ப் பார்க்கலாம்.

கிராத்தியில் பி976-இல் திரும்பினால் கெய்ர்ன்ஷீல் பாலம். கல்லால் ஆன ஒற்றை வளைவு, நடு முதுகு அவ்வளவு தூக்கல். நீளமான வண்டிகள் மேலே ஏறி வயிறு தட்டி மாட்டிக்கொள்ளும். அதனால் பக்கத்தில் புதுப் பாலம் கட்டி 2023-இல் திறந்தார்கள். பழையதன் அடியில் இறங்கி நின்று அந்த வளைவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

கோட்டை கேட்டீர்கள் அல்லவா, ஒரே ஒரு கோட்டை தருகிறேன்: கார்காஃப். மரமில்லாத மலைச்சரிவில் வெள்ளையடித்த ஒற்றைக் கோபுரம், அதைச் சுற்றி நட்சத்திர வடிவ மதில். கோபுரம் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1571-இல் கார்டன் குலத்தார் இதைச் சூழ்ந்து தீ வைத்தார்கள். உள்ளே இருந்த ஃபோர்ப்ஸ் குடும்பத் தலைவியும் பிள்ளைகளும் வேலைக்காரர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் வெந்து செத்தார்கள். கல்லோடனுக்குப் பிறகு 1748-இல் அரசு இதைப் படைமுகாமாக மாற்றியது. மதிலும் துப்பாக்கிக்கான துளைகளும் அப்போது வந்தவை. இங்கே எனக்குப் பிடித்த விஷயம் கடைசிக் காலம்தான். 1820-களின் கடைசியிலும் இங்கே சிப்பாய்கள் இருந்தார்கள். கலகக்காரர்கள் எல்லாம் எப்போதோ ஓய்ந்துவிட்டார்கள். இவர்கள் பிடிக்க வந்தது கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களை. அந்தச் சுற்றுவட்டாரம்தான் இன்று உலகத்துக்கே விஸ்கி விற்கிறது. குளிர்காலத்தில் கோட்டையை மூடிவிடுவார்கள், ஆகவே கோடையில் போவது நல்லது.

கார்காஃபைத் தாண்டியதும் லெக்ட் ஏற்றம். முதல் பனி விழுந்ததுமே 'காக்பிரிட்ஜ் – டாமின்டூல் சாலை மூடப்பட்டது' என்று வானொலி சொல்லும், அந்தச் சாலை இதுதான். ஐந்தடிக்கு ஓரடி ஏறும் இடங்கள் உண்டு. பின்னால் ஆள் இருக்கும்போது முதல் கியரை வெட்கப்படாமல் போடுங்கள். மேலே சுமார் 640 மீட்டர். இறங்கும் வழியில் ஓர் ஊற்றும், அதன் மேல் பதித்த ஒரு கல்லும் இருக்கும். கட்டாயம் வண்டியை நிறுத்த வேண்டிய இடம். 1754-இல் 33-ஆம் ரெஜிமெண்டின் ஐந்து கம்பெனிகள் இங்கிருந்து ஸ்பே ஆறு வரை சாலை போட்டதாகக் கல் சொல்கிறது. கர்னலின் பெயர் இருக்கிறது, மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் இல்லை. அது எங்கும் உள்ளதுதான். எனக்குக் கால் நின்றுபோனது ரெஜிமெண்டின் எண்ணில். அந்த 33-ஆம் ரெஜிமெண்ட்தான் பின்னாளில் ஆர்தர் வெல்லெஸ்லியின் கீழ் இந்தியாவுக்கு வந்து, 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்றது. ஆட்கள் வேறு தலைமுறை, எண் அதே எண்.

அடுத்த ஊர் டாமின்டூல். இந்தச் சாலை வந்ததால், அதன் மேலேயே 1775-இல் கார்டன் கோமகன் கோடு போட்டுக் கட்டிய ஊர். டீ குடிக்கலாம். அங்கிருந்து கிராண்டவுன். ஃபெர்னஸ் பக்கம் சிறு சாலையில் திரும்பினால் டல்ஸி பாலம், 1755. ஃபிண்ட்ஹார்ன் ஆறு ஆழமான பாறையிடுக்கில் ஓட, மேலே ஒரே தாவலாகப் போட்டிருக்கிறார்கள். 1829 பெருவெள்ளத்தையும் தாங்கி நின்றது. இன்றும் வண்டிகள் போகின்றன, உங்களுடையதும் போகும்.

சாலை முடிவது ஃபோர்ட் ஜார்ஜில். 1748-இல் தொடங்கி 1769-இல் முடித்தார்கள். இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. கட்டி முடித்தபோது எதிர்க்க ஆளே இல்லை. ஒரு குண்டுகூட அதன் மேல் விழுந்ததில்லை. இன்றும் ராணுவத்தின் கையில் இருக்கிறது, பார்க்க அனுமதி உண்டு. அங்கிருந்து கல்லோடன் பக்கம்தான். களத்தில் நடக்கக் கட்டணம் இல்லை.

இனி உங்கள் மனைவிக்கான பதில். சம்பந்தமில்லாத சரித்திரம் என்றாரே, ஃபோர்ட் ஜார்ஜிலிருந்து இன்வர்னெஸ் வழியாகச் சுற்றி, கெஸ்ஸாக் பாலம் தாண்டி ஏ9-இல் வடக்கே போங்கள். ஈவான்டன் தாண்டியதும் இடப்பக்கம் ஃபைரிஷ் குன்று தெரியும், 453 மீட்டர். உச்சியில் வானத்துக்கு எதிரே நடுவில் மூன்று வளைவுகளும் பக்கங்களில் தூண்களுமாக ஒரு கட்டுமானம். நாகப்பட்டினத்தின் கோட்டைவாசல் அது. அதாவது, அதை மனதில் வைத்துக் கட்டியது.

கட்டியவர் சர் ஹெக்டர் மன்ரோ, அந்த மண்ணின் பண்ணையார், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் போரிட்ட தளபதி. பக்சர் போரை வென்றவர். 1780 செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கியபோது, சில மைல் தொலைவில் காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்தும் போய்ச் சேராதவர் இந்த மன்ரோதான். கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லியும் இன்வர்னெஸ் பக்கத்து ஆள்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாக 1782-இல் செத்தார். அவரோடு அன்று சிக்கியவர்களில் மெக்லியட் ஹைலேண்டர்ஸ் என்ற மலைநாட்டுப் படையினரும் உண்டு. கல்லோடனில் தோற்ற மலைநாட்டுப் பையன்களுக்கு அடுத்த தலைமுறையில் பிழைப்பு பெரும்பாலும் தோற்கடித்தவனின் பட்டாளம்தான். (உங்கள் ஹிமாலயன் ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ செய்ததாக இருந்தால், அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான்.)

மறு வருடம் மன்ரோ நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தார். போன மானத்தை அங்கே மீட்டுக்கொண்டார் என்றும் சொல்லலாம். 1782-இல் ஊர்க் குன்றின் மேல் அந்த வாசலை எழுப்பினார். ஊரில் வேலையில்லை, பஞ்சம். கூலி கொடுக்க ஒரு சாக்காகத்தான் கட்டினார் என்கிறார்கள். மேலே ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டு, மறுபடி ஏற்றவைத்துக் கூலி கொடுத்தார் என்றும் உள்ளூர்க் கதை உண்டு. கதை உண்மையோ என்னவோ, அதே வருடங்களில் அவர் பங்கெடுத்த போரால் சென்னையைச் சுற்றியும் பஞ்சம். அங்கே அவர் வளைவு எதுவும் கட்டவில்லை.

நார்த் கோஸ்ட் 500 வட்டமும் இந்தக் குன்றின் அடிவாரமாகத்தான் போகிறது. உங்கள் நண்பர்கள் நின்றார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சாலை மேல் எனக்குக் கோபம் இல்லை. 2015-இல் அதற்குப் பெயர் வைத்த பிறகு, சுமார் 830 கிலோமீட்டரைக் கடிகாரத்தோடு ஓட்டுவது ஒரு விளையாட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

சில நடைமுறை விஷயங்கள். ஒற்றைத்தடச் சாலையில் ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு எதிரே சாலையிலேயே நின்று எதிரே வருகிறவருக்கு வழி விடுங்கள். அங்கே நிறுத்திவிட்டு ஃபோட்டோ எடுக்கப் போகாதீர்கள், திட்டு விழும். ஆடு மாடு தாண்டாமலிருக்கச் சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். நனைந்திருந்தால் வழுக்கும். வண்டியைச் சாய்க்காமல், பிரேக் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். ஆட்டுக்குட்டி ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் நின்றால் ஏதாவது ஒன்று கட்டாயம் குறுக்கே ஓடும். மிட்ஜ் என்கிற பொடிக்கொசு ஜூலை, ஆகஸ்டில் உயிரை வாங்கும், மே கடைசி நல்லது. பெட்ரோல் பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிக்கொள்ளுங்கள். ஃபைரிஷ் ஏறி இறங்க இரண்டு மணி நேரம் ஆகும். பைக் பூட்ஸோடு ஏறினால் குதிகால் கொப்பளித்துவிடும், வேறு ஷூ எடுத்துப் போங்கள்.

அப்புறம், டாமின்டூல் பக்கம் டிஸ்டில்லரிகள் நிறைய. குடித்துவிட்டு ஓட்டும் விஷயத்தில் லீட்ஸ் கணக்கு அங்கே செல்லாது. 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. ஓட்டுகிறவர் என்று சொன்னால் பல இடங்களில் உங்கள் பங்கைச் சிறு குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். ராத்திரி தங்கும் இடத்தில் திறந்துகொள்ளலாம்.