வீட்டுக்கு ஒரு சிவப்பு சிலிண்டர்: கேள்வி பதில்

வணக்கம். தீயணைப்புத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். பெரும்பகுதி மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கம்தான். வீட்டில் தீயணைப்பான் வைப்பது, கேஸ், கூரை, வைக்கோல் என்று எது பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள். கடைக்கான தடையில்லாச் சான்று விவகாரமெல்லாம் நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்க வேண்டியவை. அதை இங்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி (கும்பகோணம், இல்லத்தரசி): சார், வீட்டுக்கு ஒரு தீயணைப்பான் வாங்கலாம் என்று இருக்கிறோம். கடையில் பவுடர், கேஸ், நுரை என்று விதவிதமாகக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது, எத்தனை கிலோ?

பதில்: ஏ.பி.சி. பவுடர் வாங்குங்கள் அம்மா. விறகு, துணி, காகிதம் எரிந்தால் அது ‘ஏ’. எண்ணெய், பெட்ரோல் எரிந்தால் ‘பி’. சமையல் கேஸ் ‘சி’. மூன்றுக்கும் அந்த ஒரே சிலிண்டர் ஆகும், கரண்ட் ஓடும் இடத்திலும் அடிக்கலாம். உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்ற பொடி. மேலே ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா, அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பட்டையில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எடை 4 கிலோ நல்லது. 4 கிலோ என்பது பொடியின் கணக்கு மட்டும்தான். இரும்போடு சேர்த்து ஆறு ஏழு கிலோ வரும். கடையிலேயே தூக்கிப் பாருங்கள். தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடக்க முடியவில்லை என்றால் 2 கிலோ வாங்குங்கள். தூக்க முடியாத சிலிண்டர் வீட்டில் இருந்தும் இல்லாததுதான்.

அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். நிறையப் பேர் செய்கிற தப்பு இது. அடுப்பில் தீ பிடித்தால் அந்தத் தீயைத் தாண்டியா போய் எடுப்பீர்கள்? சமையலறையிலிருந்து வாசலுக்கு வருகிற வழியில், இடுப்புயரத்தில் மாட்டுங்கள். எடுக்கும்போதே வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

அடிப்பது எப்படி என்றால், பூட்டியிருக்கும் பின்னை இழுத்து எறியுங்கள். ஆறு ஏழு அடி தள்ளி நின்று, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்டிக் கைப்பிடியை அழுத்துங்கள். இடமும் வலமுமாக வீசி அடியுங்கள். சுடரைப் பார்த்து அடித்தால் பொடி வீண். பத்துப் பதினைந்து வினாடியில் சிலிண்டர் தீர்ந்துவிடும். அதற்குள் அணையவில்லை என்றால் திரும்பி நடந்து வெளியே வந்துவிடுங்கள். இரண்டாவது முயற்சி எங்கள் வேலை, உங்கள் வேலை இல்லை.

கேள்வி (மயிலாடுதுறை): அப்பளம் பொரிக்கும்போது வாணலியே பற்றிக்கொண்டது. மாமியார் தண்ணீர் எடுத்து வந்தார்கள், நான் தடுத்துவிட்டேன். சரியா?

பதில்: உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். எரிகிற எண்ணெயில் விழுந்த தண்ணீர் அடியில் போய் அந்த நொடியே ஆவியாகிறது. ஆவியானால் சுமார் 1700 மடங்கு விரியும். அது எண்ணெயைத் தூக்கிக் கூரை வரைக்கும் அடிக்கும், எதிரே நிற்பவர் முகத்தில் விழும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் வேண்டாம். இன்று எத்தனை பேர் கேட்டாலும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

செய்ய வேண்டியது: அடுப்பை அணையுங்கள், பெரிய தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள், அப்படியே விடுங்கள். ஆறுவதற்குள் திறந்து பார்த்தால் மறுபடி பற்றும். வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடாதீர்கள். மூட முடியாத நிலையில் மட்டும் பவுடர், அதுவும் தள்ளி நின்று. கிட்டப் போய் அடித்தால் அந்த வேகமே எண்ணெயைச் சிதறடிக்கும்.

கேள்வி (திருவையாறு): நாலு பேர் உள்ள குடும்பம். 2 கிலோ போதுமா, 4 கிலோவா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (நன்னிலம்): ராத்திரி கேஸ் வாடை வந்தால் முதலில் லைட்டைப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: போடக் கூடாது. எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. ஸ்விட்சில் வருகிற சின்னப் பொறி போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். நம் பழைய வீடுகளில் கூடத்தைவிடச் சமையல்கட்டு ஒரு படி தாழ்வாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் குளம் மாதிரித் தேங்கி நிற்கும். கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் திறந்து, ரெகுலேட்டரை மூடி, எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, வெளியே நின்று கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் பேசுங்கள். தீயாகிவிட்டால் 101.

ரப்பர் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வரும் காலத்தில் எலியும் கூடவே வரும். கடிபட்ட டியூபை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். கேஸ் சிலிண்டர் வாங்கும்போது அதன் கழுத்துப் பட்டையில் ‘பி-27’ மாதிரி எழுதியிருப்பதையும் பாருங்கள். அடுத்த சோதனைக்கான கெடு அது. 27 என்பது 2027-ஆம் வருஷம். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்தத் தேதி கடந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): எங்களுடையது கூரை வீடு சார். எங்களுக்கும் இந்தச் சிலிண்டர் உதவுமா?

பதில்: தரையில் இருக்கும் தீக்கு உதவும், கீற்றில் ஏறிய தீக்கு உதவாது. தம்பி, இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். காய்ந்த தென்னங்கீற்று பற்றினால், ஆடிக் காற்றில் முழு வீடும் போகச் சில நிமிஷம் போதும். அங்கே சிலிண்டரை நம்பி உள்ளே நிற்கக் கூடாது.

1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயிலில் யாகசாலைப் பந்தல். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துப் பந்தல். மணமகனும் போனார், கூட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கட்டில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்கு ஏறி 94 குழந்தைகள். மூன்று இடத்திலும் மேலே கீற்று, வெளியே வர வழி குறுகல். அதனால்தான் எந்தக் கேள்விக்கும் நான் வாசலைப் பற்றியே பேசுகிறேன்.

உங்களால் முடிந்தது நிறைய இருக்கிறது. அடுப்பைக் கூரைக்கு வெளியே, காற்று வீட்டை நோக்கி அடிக்காத பக்கம் தள்ளி வையுங்கள். முடியவில்லை என்றால் அடுப்புக்கு மேலேயும் பின்னாலேயும் தகரம் அடியுங்கள். வாசலில் எப்போதும் நிரம்பிய இரண்டு குடம், ஒரு வாளி, எரியும் கீற்றை இழுத்துத் தள்ள நீளக் கழியில் ஒரு தொரட்டி. பின்பக்கத் தட்டியில் உள்ளே இருந்து தள்ளினால் திறக்கிற இரண்டாவது வழி. காடா விளக்கோ கொசுவர்த்தியோ படுக்கைக்கு அருகில் வேண்டாம். இந்தச் செலவெல்லாம் சேர்ந்தாலும் ஒரு சிலிண்டர் விலை ஆகாது, பலன் அதைவிட அதிகம்.

கேள்வி (நீடாமங்கலம், விவசாயி): அய்யா, போன ஐப்பசியில் எங்கள் வைக்கோல் போர் ராத்திரியில் பற்றிக்கொண்டது. பக்கத்தில் அடுப்பு இல்லை, கம்பி இல்லை. பங்காளி மேல்தான் சந்தேகம். சிலிண்டர் இருந்திருந்தால் அணைத்திருக்கலாமா?

பதில்: அணைந்திருக்காது. பொடி மேல் சுடரை அமுக்கும், உள்ளே கங்கு அப்படியே இருக்கும். போருக்குத் தண்ணீர்தான், அதுவும் பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். பங்காளி விஷயத்துக்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள்: குறுவை வைக்கோலா, ஈரமாகப் போட்டீர்களா?

நீடாமங்கலம்: குறுவைதான். மெஷின் அறுப்பு. மழை வருமென்று அவசரமாகக் கட்டு கட்டி அடுக்கினோம். கொஞ்சம் ஈரம் இருந்தது. மூன்று வாரம் கழித்து எரிந்தது.

பதில்: அப்படியானால் தானாகவே பற்றியிருக்க இடமுண்டு. ஈர வைக்கோலில் நுண்ணுயிர்கள் பெருகும்போது சூடு பிறக்கிறது. அறுபது எழுபது டிகிரியில் அவை செத்துவிடும். ஆனால் அதற்குமேல் வைக்கோலே காற்றோடு சேர்ந்து மெல்ல வேதி மாற்றம் அடைந்து சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். நெருக்கமான போரில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. இரண்டு மூன்று வாரத்தில் நடுவில் கருகி, காற்றுப் பட்ட இடத்தில் சுடராக வெடிக்கும்.

கூத்தாநல்லூர், பெரியவர்: அறுபது வருஷமாகப் போர் போடுகிறேன். தானாக எரிந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. எல்லாம் யாராவது வைத்த தீதான். பீடித் துண்டு, இல்லை பகை.

பதில்: அய்யா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். போர்த் தீயில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவைதான், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் உங்கள் காலத்துப் போர் வேறு. கையால் அறுத்து, களத்தில் அடித்து, புரட்டிப் புரட்டிக் காயவைத்து, தளர்வாக ஏற்றி, மேலே கூம்பாக வேய்ந்தீர்கள். இன்று மெஷின் பச்சை வாடை போவதற்குள் அறுக்கிறது, கட்டும் மெஷின் இறுக்கி உருட்டுகிறது.

தஞ்சாவூர், வேளாண் மாணவி: எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டக் கூடாது.

கூத்தாநல்லூர், பெரியவர்: அப்படி என்றால் எருக்குழி ஏன் எரிவதில்லை? அதைவிட ஈரமா வைக்கோல்?

பதில்: இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். எருக்குழியும் சூடாகிறது அய்யா. மார்கழி விடியலில் கிளறினால் ஆவி பறப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே தண்ணீர் அதிகம். சூடு முழுவதும் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. முழுக்கக் காய்ந்த வைக்கோலில் நுண்ணுயிர் பிழைக்காது, அதனால் சூடு பிறக்காது. இரண்டுக்கும் நடுவில், சூடு பிறக்குமளவு ஈரமும் எரியுமளவு காய்ச்சலும் சேர்ந்திருக்கும் போர்தான் ஆபத்து.

கூத்தாநல்லூர், பெரியவர்: சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு நீளக் கடப்பாரையைப் போரின் நடுவரைக்கும் செருகி அரைமணி நேரம் விடுங்கள். உருவி முனையைத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு என்றால் 101-க்குச் சொல்லுங்கள். புகையிலை மாதிரியோ காய்ச்சிய வெல்லம் மாதிரியோ வாடை வருவது, நடுவில் போர் அமுங்குவது, விடியலில் ஆவி வருவது, இவையும் அறிகுறி. தண்ணீர் தயாராக இல்லாமல் பிரிக்காதீர்கள், காற்றுப் பட்டதும் பற்றும். மேலே ஏறாதீர்கள். உள்ளே கருகிக் குழியாகியிருக்கும், ஆள் உள்ளே போய்விடுவார்.

நீடாமங்கலத்துக்காரரே, பங்காளி வைக்கவே இல்லை என்று நான் சாட்சி சொல்லவில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் ஈர வைக்கோலை அடுக்கிவிட்டு, ஒரு வாய்க்கால் தண்ணீர் குடிக்கிற உறவை முறித்துக்கொள்வதற்கு முன்னால் இதையும் நினைத்துப் பாருங்கள். அடுத்த போரை வீட்டிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி (பாபநாசம்): சார், வீட்டுக்கு எத்தனை கிலோ வாங்கலாம்?

பதில்: மூன்றாவது முறை. முதல் பதில் அங்கேயே இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள். எத்தனை கிலோ என்று கேட்கிறவர்கள் எங்கே மாட்டுவது என்று ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் என் கவலை.

கேள்வி (பட்டுக்கோட்டை): பேட்டரி ஸ்கூட்டரை ராத்திரி ரேழியில் சார்ஜ் போடுகிறோம். பக்கத்திலேயே பவுடர் சிலிண்டர் வைத்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ரேழிதான் நீங்கள் வெளியே வரும் வழி. அங்கே வண்டி எரிந்தால் வீடே பொறி மாதிரி மூடிக்கொள்ளும். லித்தியம் பேட்டரி தன் சூட்டிலேயே செல் செல்லாகப் பற்றும். பொடி சுடரை அமுக்கும், சூட்டைத் தணிக்காது, மறுபடி எரியும். புகையும் கடும் விஷம். வண்டியைத் திறந்தவெளிச் சார்ப்பில், விழித்திருக்கும் நேரத்தில், கம்பெனி கொடுத்த சார்ஜரால் மட்டும் சார்ஜ் போடுங்கள். எரிந்தால் விலகி ஓடி 101.

கேள்வி (நாகப்பட்டினம், கம்ப்யூட்டர் சென்டர்): பொடி அடித்தால் கம்ப்யூட்டர் கெடுமா?

பதில்: கெடும், அரிக்கும். கரியமில வாயு சிலிண்டர் வாங்குங்கள். அதன் கூம்பைக் கையால் பிடிக்காதீர்கள், குளிரில் தோல் வெந்துவிடும். சின்ன அறையில் அடித்த உடனே வெளியே வாருங்கள், மூச்சு முட்டும்.

கேள்வி (வேதாரண்யம்): ஐந்து வருஷத்துக்கு முன் வாங்கியது. முள் பச்சையில்தான் இருக்கிறது. அப்படியே விடலாமா?

பதில்: முள் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். பொடி கட்டிதட்டியிருந்தால் முள்ளுக்குத் தெரியாது. கடலோர உப்புக்காற்றில் அடிப்பாகம் துருப்பிடிப்பதையும் அது காட்டாது. பவுடர் சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், கரியமில வாயு என்றால் ஐந்து. ஒரு கடையில் எனக்கே பழைய சிலிண்டரைத் துடைத்துப் புதுச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். அதனால் உங்கள் கண் முன்னால் திறந்து நிரப்பச் சொல்லுங்கள். ஒரு வினாடி அழுத்திப் பார்த்திருந்தாலும் மறுபடி நிரப்பியே ஆக வேண்டும், காற்று மெல்லக் கசிந்துவிடும்.

கேள்வி (குடவாசல்): தீப்புண்ணுக்கு இட்லி மாவு தடவலாமா?

பதில்: மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம். இருபது நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரி. மீதியை டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (திருவாரூர் பக்கம் கிராமம்): அம்மாவுக்கு 72 வயது, தனியாக இருக்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை. அவர்களால் சிலிண்டர் தூக்க முடியாது. என்ன செய்வது?

பதில்: அம்மா எந்தத் தீயையும் அணைக்க வேண்டாம் தம்பி. வெளியே வருவது மட்டும்தான் அவர்கள் வேலை. கூடத்தில் மேலே ஒரு புகை அலாரம் மாட்டுங்கள், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கேஸ் அலாரம் ஒன்று. ராத்திரி கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுச் சாவியை வேறெங்கோ வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு ஆள் நம்பரோடு 101-ஐயும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

போனில் ஊர்ப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. எந்த மெயின் ரோட்டிலிருந்து பிரிய வேண்டும், எந்த வாய்க்கால் மதகைத் தாண்ட வேண்டும், அந்த மதகு லாரியைத் தாங்குமா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள். எங்கள் வண்டியில் தண்ணீர் மட்டும் 4500 லிட்டர். தாங்காத மதகுக்கு வந்து திரும்பிப் போய்ச் சுற்றி வந்த இரவுகள் எனக்கு உண்டு. கூப்பிட்டதும் ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு வந்து நின்று எங்களைக் கூட்டிப் போகட்டும்.