சந்தோஷமா போட்ட கையெழுத்து

வணக்கம் சார். லா காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். மக்கள் மனசு மாறின பிறகுதான் சட்டம் மாறணுமான்னு ஒரு கட்டுரைப் போட்டி. மனசு மாறாம சட்டம் போட்டு பிரயோஜனமில்லைன்னுதான் எனக்கு தோணுது. பொண்ணுங்களுக்கு சொத்துல சம பங்கு இருக்கு, ஆனா எங்க அம்மாவே போன மாசம் மாமாங்களுக்கு விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கு வேண்டாம்னு, எழுதிக் கொடுத்துட்டாங்க. சந்தோஷமாத்தான் கையெழுத்து போட்டாங்க. ஒரே பாலின உறவை குற்றம்னு சொன்ன 377வது சட்டப்பிரிவு, மரண தண்டனை பத்தியும் உங்க கருத்து வேணும். என் தங்கச்சியும் உங்க வாசகி.

அன்புள்ள தம்பி,

மரண தண்டனைய ஒரு பாராவுல முடிக்க முடியாது, விடுங்க. 377க்கு 2018 தீர்ப்பு இருக்கு, லா படிக்கிற பையன் அதை உக்காந்து படிக்கணும், என்கிட்ட கேக்கக்கூடாது. நான் பதில் எழுதறதே அந்த அம்மா விஷயத்துக்காகத்தான். எங்க சொந்தத்துலயும் இப்ப ஒரு பாகப்பிரிவினை ஓடிட்டிருக்கு, ராத்திரியெல்லாம் இதே யோசனை.

சந்தோஷமான்னு எப்படி தெரியும்? கேட்டீங்களா?

எங்க அத்தை கைநாட்டு வச்சப்ப நான் பக்கத்துல இருந்தேன். தாத்தா உயில் எழுதாம போயிட்டாரு, அதனால 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அவர் பங்குல அத்தைக்கும் ஒரு பாகம் உண்டு. காலைல கார் வச்சு கூட்டிட்டு வந்தாங்க, புதுப்புடவை, ஓட்டல்ல ரோஸ்ட்டு, வருஷத்துக்கு ஒரு போன் கூட பண்ணாத பெரியப்பா அன்னிக்கு தங்கச்சி தங்கச்சின்னு உருகுறாரு. பத்திரத்துல ஏதோ ஒரு தொகை ரொக்கமா வாங்கிக்கிட்டதா எழுதியிருந்துச்சு, அத்தை அதை கண்ணால பாக்கல. "சம்மதம்தானம்மா"ன்னு எழுத்தர் கேட்டாரு. "பொறந்த வீட்டு வாசப்படி வேணும்ல"ன்னுச்சு அத்தை. கட்டை விரல் மையை தலைமுடில தேச்சுக்கிட்டு சிரிச்சுது. நீங்க சொல்ற சந்தோஷம் அந்த சிரிப்புதான்னா எனக்கு நல்லாவே தெரியும். பேரன் காதுகுத்துக்கு தாய்மாமன் சீர் வரணும், புருஷன் வீட்ல ஒரு சண்டைன்னா போய் நிக்க ஒரு இடம் வேணும், அதுக்கு குடுத்த விலை அது.

ஆனா இதை வச்சு சட்டம் தோத்துப்போச்சுன்னு எழுதினீங்கன்னா உங்க கட்டுரைய கிழிச்சுப் போட்டுடுவேன். சட்டம் இல்லேன்னா அந்த காரே வந்திருக்காது தம்பி! அவங்க கையெழுத்து இல்லாம வில்லங்கம் தீராதுங்கற நிலைமைய உண்டாக்கினதே சட்டம்தான், அதுக்கு முன்னாடி எந்த அண்ணன் எந்த தங்கச்சிகிட்ட போய் கேட்டான்?

மனசு மாறட்டும்னு காத்திருந்தா என்ன ஆகும்னு பாருங்க. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பெண்ணுக்கு சம சொத்துரிமைன்னு தீர்மானம் போட்டாங்க. இந்து சட்ட மசோதா முடங்கிப்போச்சுன்னு 1951ல அம்பேத்கர் மந்திரி பதவியையே விட்டாரு. 1956ல வந்தது அரைகுறை, பூர்வீக சொத்துல பிறப்பால வர்ற உரிமை ஆம்பளைக்கு மட்டும்தான். ஆந்திராவுல என்.டி.ஆர் முந்திக்கிட்டாரு, இங்க கலைஞர் ஆட்சில வந்த திருத்தம் 1989 மார்ச் 25லேர்ந்து அமல். செங்கல்பட்டுலேர்ந்து அறுபது வருஷம். அதுலயும் ஒரு கொக்கி, அந்த தேதிக்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்கு கிடையாது. சீர் வாங்கிட்டு போனவளுக்கு என்ன பங்குன்னு திண்ணைல பேசின பேச்சு அப்படியே சட்டத்துக்குள்ள போய் உக்காந்துக்கிச்சுன்னுதான் நான் படிக்கிறேன். உங்க கட்டுரைக்கு நிஜமான உதாரணம் இதுதான், இதை விட்டுட்டு எங்கேயோ போறீங்க. 2005ல மத்திய சட்டம் அந்த கொக்கிய எடுத்துச்சு, 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணுமாங்கற குழப்பத்த 2020ல சுப்ரீம் கோர்ட்டு தீர்த்து வச்சுது, தேவையில்லைன்னு.

இதுக்கு நடுவுல, எங்க அத்தை பொண்ணு இப்ப நான் சொன்ன பாகப்பிரிவினைல கையெழுத்து போட மாட்டேன்னு உக்காந்திருக்கா. வில்லங்க சான்றிதழ் அவளே ஆன்லைன்ல எடுத்துட்டா. "ரொம்ப படிச்சுட்டா"ன்னு சொந்தக்காரங்க திட்றாங்க. அத்தை மட்டும் வாயே திறக்கல.

உங்க அம்மாகிட்ட இன்னிக்கு ராத்திரி கேளுங்க, பத்திரத்த யாராவது படிச்சு காட்டினாங்களான்னு. மாமாங்களுக்கு முன்னாடி கேக்காதீங்க, சமையக்கட்டுல வச்சு கேளுங்க. அப்புறம் தங்கச்சி இருக்குன்னு சொன்னீங்க, நாளைக்கு உங்க வீட்டு சொத்துக்கு அவங்ககிட்ட பேப்பர் நீட்டப்போறது நீங்கதானா? அதுக்கு பதில் எழுதுங்க, 377 பத்தி அப்புறம் பேசலாம்.