சென்னை – டொரொன்டோ: கிலோமீட்டரை விடுங்க, நடுவுல இறங்கி மாறுறதைப் பாருங்க

தம்பி, ஜனவரில படிக்க டொரொன்டோ வர்றேன், எவ்வளவு தூரம், டிக்கெட்ல ராத்திரி 2 மணிக்கு கிளம்பி அதே நாள் சாயங்காலம் 4 மணிக்கு இறங்குதுன்னு போட்டிருக்கே அப்ப 14 மணி நேரம்தானான்னு கேட்டிருக்கீங்க. படிச்சதும் சிரிச்சுட்டேன், 2009 ஜனவரில நானும் இதே கணக்கைப் போட்டு வீட்ல பெருமையா சொன்னவன்தான். டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். டொரொன்டோ குளிர்காலத்துல நம்மள விட பத்தரை மணி நேரம் பின்னாடி (சம்மர்ல ஒன்பதரை). 14-ஓட அதைக் கூட்டுங்க, இருபத்திநாலரை மணி நேரம் வருது.

தூரம் நேரா பறந்தா சுமார் 13,400 கிலோமீட்டர், அதுவும் ஆர்க்டிக் பக்கமா. ஆனா அப்படி நேரா போற பிளைட் சென்னைல இருந்து கிடையாது. லண்டன் வழின்னா லண்டன் வரைக்கும் பத்தரை பதினொண்ணு மணி நேரம், அப்புறம் ஒரு எட்டு. துபாய் வழின்னா நாலு, அப்புறம் பதினாலு. எப்படிச் சுத்தினாலும் ஆகாசத்துலயே 18 மணி நேரம் போயிரும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நடுவுல ஆறு மணி நேரம் சும்மா உக்காரணுமே, ஒரு மணி நேரத்துல மாறுற டிக்கெட் எடுக்கவான்னு கேட்டீங்கள்ல, தயவுசெஞ்சு வேணாம். நான் எடுத்தது 55 நிமிஷம். முதல் பிளைட்டே லேட்டு, இறங்கி செக்யூரிட்டி லைன்ல நின்னு ஷூவைக் கைல பிடிச்சுக்கிட்டு கேட்டுக்கு ஓடினா கதவை மூடிட்டாங்க. ஒரே டிக்கெட்டா இருந்ததால மறுநாள் பிளைட்ல ஏத்திவிட்டாங்க, காசு மிச்சம்னு தனித்தனியா ரெண்டு எடுத்திருந்தா அடுத்த டிக்கெட் அம்போதான், பெட்டியை எடுக்க வெளிய போகணும்னா அந்த நாட்டு விசா வேற கேப்பான். இங்க சிலபேர் நாங்கல்லாம் 40 நிமிஷத்துல மாறினோம்னு பீத்துவாங்க, விட்ட கதையைச் சொல்லவே மாட்டாங்க.

எந்த பிளைட்ல சாப்பாடு நல்லாருக்கும்ங்கிறதெல்லாம் விடுங்க, பசிச்சா எல்லாம் இறங்கும். பேப்பர் எல்லாத்தையும் கைப்பைல வைங்க, ஸ்டடி பர்மிட்டை (அங்க படிக்கிறதுக்கான அனுமதி) டொரொன்டோ ஏர்போர்ட்டான பியர்சன்ல இமிகிரேஷன்லதான் பிரிண்ட் எடுத்துத் தருவாங்க. சொந்தக்காரங்க குடுத்துவிடுற ஊறுகாய் பாட்டிலோட சேர்த்து ஸ்வெட்டர், ஜாக்கெட்டையும் பெட்டில போட்டுறாதீங்க, அந்தத் தப்பைத்தான் நான் பண்ணேன்.

டொரொன்டோல இறங்கினா பெட்டி வரல, ஜாக்கெட் அதுக்குள்ள. ஏர்போர்ட் கதவு திறந்ததும் மூக்குக்குள்ள ஈரமே உறைஞ்ச மாதிரி இருந்துச்சு. டாக்ஸிக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணன், "என்ன தம்பி, வெறும் சேட்டோட நிக்கிறீர்"னு (சேட்டுன்னா சட்டை) கேட்டு, தன்னோட கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு ஹீட்டரை முழுசா வச்சார். மூணாவது நாள் பெட்டி வந்துச்சு. தி.நகர்ல அலைஞ்சு அலைஞ்சு வாங்கின அந்த ஜாக்கெட்டை மாட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன், அது ஊட்டிக் குளிருக்குத்தான்னு அப்பதான் தெரிஞ்சுது.