கிட்னி மாற்றிய பிறகு அப்பாவுக்குக் கண் மங்குகிறதே, ஏன்?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 54 வயது, 19 வருடமாகச் சுகர். இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்தார். நான்கு மாதத்துக்கு முன் அம்மாவின் கிட்னியை அவருக்கு வைத்தார்கள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இப்போது 1.2. டயாலிசிஸ் சமயத்திலேயே இரண்டு கண்ணுக்கும் லேசர் செய்தாகிவிட்டது. ஆனால் இப்போது ஒரு வாரம் நன்றாகத் தெரிகிறது, அடுத்த வாரம் மங்கலாகிறது என்கிறார். இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டோம். கிட்னி சரியானால் கண்ணும் தேறிவிடும் என்றுதானே நினைத்தோம்? இன்சுலின் சுரக்கும் கணையத்தையும் சேர்த்து மாற்றியிருந்தால் இது வந்திருக்காதா?

பதில்: முதலில், மூன்றாவது கண்ணாடி வாங்காதீர்கள். வாரத்துக்கு வாரம் பார்வை மாறுகிறது என்றாலே எனக்கு முதல் சந்தேகம் சுகர் மேல்தான். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸும் நீரை இழுத்து உப்பும், பிறகு வடியும், கண்ணாடி பவரும் அதோடு மாறும். புது கிட்னியைக் காப்பாற்ற அப்பா சாப்பிடும் பிரெட்னிசோலோன், டாக்ரோலிமஸ் இரண்டுமே சுகரை ஏற்றக்கூடியவை. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: காலையில் போடும் பிரெட்னிசோலோன் மதியத்துக்கு மேல்தான் சுகரை ஏற்றும், வெறும் வயிற்றில் பார்த்தால் 110 என்று அழகாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பும் ஒரு வாரம் பார்த்து எழுதி, அந்தத் தாளைச் சுகர் டாக்டரிடம் காட்டுங்கள். சுகர் ஒன்றரை, இரண்டு மாதம் நிலையாக நின்ற பிறகு கண்ணாடி அளவு எடுத்தால் போதும்.

அதற்காக எல்லாம் சுகர்தான் என்று உட்கார்ந்துவிடவும் கூடாது. இந்த வாரமே விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள். கிட்னி வேலை செய்யத் தொடங்கியதும் உடம்பில் தேங்கிய நீர் வடிகிறது, ரத்தசோகை குறைகிறது, அதனால் பலருக்கு விழித்திரை வீக்கமும் குறைவதைப் பார்க்கிறோம், அது உண்மை. ஆனால் 19 வருடச் சுகரில் அடைபட்டுப்போன சிறு ரத்தக் குழாய்கள் திரும்பத் திறப்பதில்லை, லேசர் போட்ட இடமும் பழையபடி ஆவதில்லை. வீக்கம் இருக்கிறதா என்று, விழித்திரையை ஒளியால் படம்பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் காட்டிவிடும், அதற்கு ஊசியும் வேண்டாம், சாய மருந்தும் வேண்டாம், கிட்னிக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் ஸ்டீராய்டு, அதாவது அந்தப் பிரெட்னிசோலோன். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிடும்போது லென்ஸின் பின்பக்கம் கண்புரை விழலாம். வெயிலில் கண் கூசும், எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணை மறைக்கும். இதற்கு ஆபரேஷன் இருக்கிறது. கண் அழுத்தம் ஏறுவதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் வலியே இருக்காது, அளந்து பார்த்தால்தான் தெரியும். இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், அம்மா கொடுத்த கிட்னியை உடம்பு நிராகரித்துவிடக்கூடும்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பதால் தொற்றும் பயம்தான். கண்ணில் புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தால், பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்தமாதிரி இருந்தால், வலி இல்லை, சிவப்பு இல்லை என்று பொறுக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். விழித்திரையைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸ் அப்படித்தான் சத்தமில்லாமல் வரும். கண் சிவந்தால் மெட்ராஸ் ஐ என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட வேண்டாம். நெற்றியிலோ இமையிலோ அக்கி கொப்புளம் வந்தால் அக்கி எழுதுவதற்கு அலைந்து நாளைக் கடத்தாதீர்கள், மூன்று நாளுக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன். திடீரென்று பார்வை மங்கி, கூடவே கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் கண் ஆஸ்பத்திரிக்கு அல்ல, நேராக அவசரப் பிரிவுக்கு.

கணையம் பற்றிக் கேட்டீர்கள். 1966-லேயே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அதைத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் பெரும்பாலும் இன்சுலினே சுரக்காத டைப் 1 நோயாளிகளுக்குத்தான் செய்கிறார்கள். கணையம் மாற்றியதும், பல வருடம் உயரத்தில் இருந்த சுகர் சட்டென்று இறங்கினால், முதல் சில மாதம் விழித்திரை இன்னும் மோசமாவதும் உண்டு, நல்லது நடப்பது பிறகுதான். விட்டுப்போனதே என்று வருத்தப்பட இதில் ஒன்றும் இல்லை.

கண்ணுக்கு என்று யார் மாத்திரை எழுதினாலும், குறிப்பாகக் கண் அழுத்தத்தைக் குறைக்கும் அசெட்டசோலமைடு, வலி மாத்திரை, பூஞ்சை மருந்து, கிட்னி டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் ஒரு சின்ன வேலை. தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிச் சுவர் காலண்டரின் கட்டங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண். கோடு வளைந்தாலோ எண் விட்டுப்போனாலோ தெரிந்துவிடும். டாக்ரோலிமஸ் பட்டையில் மருந்தின் அளவு 0.5, 1 மி.கி. என்று பொடி எழுத்தில்தான் இருக்கும். மங்கலான கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டை மேல் மார்க்கரில் பெரிதாக எழுதிவையுங்கள். பரிசோதனை நாளில் கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு போடுவார்கள், நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது, அன்று ராத்திரி மாத்திரையை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.